பிரெபசிஷனைக் கடைசியிலேயே விட்டுவிடுங்கள்: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கில ஆசிரியர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி முதலாண்டு வரை ஆங்கில இலக்கணம் நடத்துகிற சார்களுக்கும் டீச்சர்களுக்கும் இந்த மடல். நான் வகுப்பறையில் நிற்பவன் அல்லன். உங்களிடம் படித்து முடித்தவர்கள் வெளியே வந்து எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துவது என் பிழைப்பு. வேலை விண்ணப்பம், ஆய்வேடு, ஆண்டறிக்கை, அரசுக்குப் போகிற மனு என்று எல்லாம் வரும். நல்ல ஆங்கிலமும் வரும், நொண்டும் ஆங்கிலமும் வரும். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே தவறு இருக்கும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு விண்ணப்பத்தில் இப்படி ஒரு தொடர் இருந்தது: ‘தி மேனேஜர் ஹூம் ஐ ரிப்போர்ட்டட்’. எழுதியவர் சொல்ல வந்தது, எந்த மேலாளரின் கீழ் வேலை பார்த்தாரோ அவரைப் பற்றி. ஆங்கிலம் சொல்வதோ, ‘நான் புகார் கொடுத்த மேலாளர்’ என்று. கடைசியில் ஒரு ‘டு’ விட்டுப்போனதால் வந்த வினை. வேலை கேட்டு எழுதும் கடிதத்தில் பழைய மேலாளர்மேல் புகார் கொடுத்தவராகத் தன்னைக் காட்டிக்கொண்டால், படிக்கிறவர் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே விண்ணப்பத்தின் முந்தைய பத்தியில் அவர் ‘ஐ ரிப்போர்ட்டட் டு தி ஏரியா மேனேஜர்’ என்று சரியாகவே எழுதியிருக்கிறார். ‘ரிப்போர்ட்’ என்ற வினையோடு ‘டு’ வரும் என்பது அவருக்குத் தெரியும். தனி வாக்கியத்தில் தெரிந்த சொல், ரிலேட்டிவ் கிளாஸுக்குள் போனதும் காணாமல் போகிறது. ‘தி காலேஜ் விச் ஐ ஸ்டடீட்’, ‘தி சப்ஜெக்ட் விச் ஐ ஆம் இன்ட்ரஸ்டட்’, ‘தி பென் விச் ஐ ரோட்’. எல்லாம் இதே கதை. எனவே பிரெபசிஷன் பட்டியலை இன்னொரு தடவை மனப்பாடம் செய்ய வைப்பதால் இது தீராது. பிள்ளைக்கு இன், ஆன், அட் தெரியாமல் இல்லை. இரண்டு வாக்கியம் ஒட்டும் இடத்தில் அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

ஏன் அங்கே காணாமல் போகிறது? நம் மொழியில் அது காணாமல்தான் போக வேண்டும் என்பதால்.

‘கத்தியால் வெட்டினேன்’ என்கிறோம். கத்தியைப் பற்றிப் பேச வேண்டுமானால் ‘நான் வெட்டிய கத்தி’. அந்த ‘ஆல்’ எங்கே போனது? ‘கல்லூரியில் படித்தேன்’, ‘நான் படித்த கல்லூரி’. ‘இல்’ எங்கே? நம் வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டி வாழ்வது. பெயர் அந்த இடத்தைவிட்டு வெளியே நகர்ந்துவிட்டால் உருபுக்கு ஒட்டிக்கொள்ள ஒன்றும் மிஞ்சுவதில்லை. ‘நான் ஆல் வெட்டிய கத்தி’ என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே அதுவும் போய்விடுகிறது. கேட்பவர் தன் அறிவால் நிரப்பிக்கொள்கிறார். கத்தி வெட்டும் கருவி, கல்லூரி படிக்கும் இடம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

இது குறையன்று, நம் இலக்கணிகள் தெளிவாகக் கண்டு எழுதி வைத்த விதி. பெயரெச்சம் எந்தெந்தப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று தொல்காப்பிய வினையியல் ஆறு பொருள்களைச் சொல்கிறது: நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை. நன்னூலில் பவணந்தியாரும் ஆறு என்றே சொல்கிறார். ஒரே ஒரு ‘சமைத்த’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். சமைத்த அம்மா, சமைத்த குழம்பு, சமைத்த பாத்திரம், சமைத்த கூடம், சமைத்த நாள், சமைத்த சமையல். எச்சம் ஒரு எழுத்துகூட மாறவில்லை. செய்தவர் யார், செய்யப்பட்டது எது, எதில், எங்கே, எப்போது என்ற வேறுபாடெல்லாம் கேட்பவர் காதில்தான் நடக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

இதே ஆறையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் சுமை தெரியும். அம்மாவுக்கும் குழம்புக்கும் சமையலுக்கும் பிரெபசிஷன் வேண்டாம். நாளுக்கு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ‘தி டே ஷி குக்ட்’ என்றாலே போதும். பாத்திரத்துக்கும் கூடத்துக்கும் மட்டும் கட்டாயம் ‘இன்’ வேண்டும். ‘தி வெசல் ஷி குக்ட்’ என்றால் பாத்திரத்தையே அடுப்பில் வேகவைத்துப் பரிமாறியதாக ஆகிவிடும். தமிழ் வகுப்பில் ஆறும் ஒன்று என்று படித்த பிள்ளை, அடுத்த மணியில் ஆங்கில வகுப்புக்கு வந்து ஆறையும் மூன்று வகையாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரிக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்கிறோமா?

தமிழும் எல்லா இடத்திலும் இந்தச் சலுகையைத் தருவதில்லை. ‘நான் வந்த ஊர்’ என்றால் எந்த ஊரிலிருந்து வந்தேனோ அதுவா, எந்த ஊருக்கு வந்தேனோ அதுவா? ‘நான் பேசிய பெண்’ என்றால் பெண்ணிடம் பேசினேனா, பெண்ணைப் பற்றிப் பேசினேனா? குழப்பம் வரும் இடத்தில் நாம் வேறு வழிக்குத் தாவுகிறோம்: ‘யாருக்காக இவ்வளவு நாள் உழைத்தேனோ அவர்களே’ என்று. இங்கே உருபு பத்திரமாக இருக்கிறது. உணர்ச்சிவசப்பட்டுப் பேசும்போதும் மேடையிலும் நாம் எல்லோரும் இந்த அமைப்பைப் பயன்படுத்துகிறோம். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ஆங்கிலம் ஏன் அந்தச் சின்னச் சொல்லை விடமாட்டேன் என்கிறது என்பதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளியில் இது நடக்காது. அது வேறு வருத்தம்.

எல்லாப் பழியையும் தமிழ்மேல் போட்டுவிடவும் கூடாது. எலெய்ன் க்ளைன் என்ற மொழியியலாளர் 1993இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். வெவ்வேறு தாய்மொழிகளிலிருந்து ஆங்கிலம் கற்கிறவர்கள், தனி வாக்கியத்தில் சரியாகப் போடும் பிரெபசிஷனைக் கேள்வியிலும் ரிலேட்டிவ் கிளாஸிலும் விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் ஆராய்ந்த விஷயம். ஆகவே நம் பிள்ளைகள் தனித் தவறு எதையும் செய்யவில்லை. உலகமே தடுக்கி விழும் படி இது. நமக்குப் பெயரெச்சத்தின் பழக்கமும் சேர்ந்துகொள்வதால் கொஞ்சம் பலமாக விழுகிறோம்.

விழுந்தவர்களைத் தூக்கிவிட நாம் செய்யும் வைத்தியத்தில்தான் எனக்கு வழக்கு.

நாம் என்ன செய்கிறோம்? ‘இன் விச்’, ‘டு ஹூம்’, ‘ஆன் விச்’ என்று பிரெபசிஷனைத் தூக்கி முன்னால் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். அதுதான் நல்ல ஆங்கிலம், வாக்கியத்தைப் பிரெபசிஷனில் முடிப்பது தப்பு என்றும் சொல்கிறோம். விளைவு, இரண்டாவது வகைத் தவறு பிறக்கிறது: ‘தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்’. முதல் கூட்டம் பிரெபசிஷனைத் தொலைத்தது; இந்தக் கூட்டம் இரண்டு தடவை போடுகிறது. ‘தி காலேஜ் வேர் ஐ ஸ்டடீட் இன்’ என்பதும் இதன் தம்பிதான். ‘வேர்’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்த ‘இன்’ அடங்கியிருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. இப்படி இரட்டிப்பவர்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில், உலகமே நாடக மேடை என்ற புகழ்பெற்ற பேச்சுக்குச் சற்று முன்னால், டியூக் பேசும் வரியில் இதே இரட்டிப்பு இருக்கிறது. அவருக்கு மதிப்பெண் குறைக்க ஆள் இல்லை.

சரி, பிரெபசிஷனில் முடிக்கக் கூடாது என்று சொன்னது யார்?

இங்கிலாந்துக் கவிஞர் ஜான் டிரைடன். 1672இல் அச்சான தன் நாடகம் ஒன்றோடு சேர்த்து வெளியிட்ட கட்டுரையில், அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டு முன் பென் ஜான்சன் எழுதிய ‘கேட்டிலைன்’ நாடகத்தின் வரி ஒன்றை எடுத்து, பிரெபசிஷன் கடைசியில் நிற்கிறது பாருங்கள் என்று குறை சொன்னார். தன் எழுத்திலும் அந்தக் குறை உண்டு என்று ஒப்புக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. 1668இல் வெளியிட்ட நாடகக் கவிதை பற்றிய தன் கட்டுரையை 1684இல் மறுபதிப்பு செய்தபோது, கடைசியில் நின்ற பிரெபசிஷன்களைத் தேடித் தேடி முன்னுக்குத் தள்ளினார். ஏன் என்பதற்கு ஓர் ஊகம்தான் சொல்ல முடியும். ஒரு ஆங்கிலத் தொடர் சரியா என்ற சந்தேகம் வந்தால் அதை லத்தீனில் மொழிபெயர்த்துப் பார்ப்பது தன் வழக்கம் என்று அவரே வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறார். லத்தீனில் பிரெபசிஷன் பெயரை விட்டுத் தனியே நிற்காது. ஆகவே ஆங்கிலத்திலும் நிற்கக் கூடாது! வடமொழி இலக்கணச் சட்டையைத் தமிழுக்குப் போட்டுப் பார்த்தவர்களை நாமும் கண்டவர்கள்தானே.

டிரைடனின் 1672 கட்டுரைக்குத் தொண்ணூறு ஆண்டு கழித்து, 1762இல், ராபர்ட் லௌத் என்பவர் ஒரு சிறிய ஆங்கில இலக்கணம் எழுதினார். பிற்பாடு லண்டன் பிஷப் ஆனவர். தடைவிதித்தவர் இவர்தான் என்று பலர் சொல்வார்கள். புத்தகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. பிரெபசிஷனைக் கடைசியில் விடுவது ஆங்கிலத்தின் இயல்பான போக்கு, பேச்சுக்கும் சாதாரண எழுத்துக்கும் பொருந்தும், ஆனால் முன்னால் வைப்பது கம்பீரமான நடைக்கு ஏற்றது என்பதே அவர் சொன்னது. அதைச் சொல்லும் வாக்கியத்திலேயே ஒரு ‘டு’வைக் கடைசியில் விட்டிருக்கிறார். குறும்பா, கைப்பழக்கமா தெரியாது. எனக்குக் குறும்பு என்றுதான் படுகிறது. சிபாரிசாக இருந்ததைப் பின்னால் வந்த பள்ளிக்கூடப் புத்தகங்கள் சட்டமாக்கின. 1926இல் ஃபௌலர் தன் புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதியில் இதை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். எழுதி ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகிறது. நம் ஊரில் இன்னும் அந்தச் சாமிக்குப் படையல் நடக்கிறது.

வரலாற்றை இன்னும் பின்னே போய்ப் பார்த்தால் நிலைமை தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் ரிலேட்டிவ் கிளாஸை இணைக்க ‘தெ’ என்று ஓர் உருமாறாத இடைச்சொல் இருந்தது. அதைப் பயன்படுத்தினால் பிரெபசிஷன் உள்ளேயே, வினைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முன்னால் கொண்டுவர வழியே இல்லை. இன்றைய ‘தட்’ அந்தக் குணத்தை அப்படியே வைத்திருக்கிறது. ‘விச்’, ‘ஹூம்’ முதலியவை இணைப்புச் சொல்லாகப் பரவியது அதற்குப் பின், நார்மன் ஆட்சி வந்த பிறகு, லத்தீனும் பிரெஞ்சும் செல்வாக்காக இருந்த காலத்தில். ஆகவே ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’ என்பது சோம்பேறிகள் கெடுத்த ஆங்கிலம் அன்று. ஆங்கிலத்தின் சொந்த வீட்டு வழக்கம் அது. ‘இன் விச்’ விருந்தாளி.

பிரெபசிஷனை இப்படித் தனியே நிறுத்த உலகில் மிகச் சில மொழிகளே அனுமதிக்கின்றன. ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் போன்ற ஆங்கிலத்தின் உறவுக்கார மொழிகள் அவற்றில் உண்டு. பிரெஞ்சில் முடியாது, இந்தியில் முடியாது, தமிழில் முடியாது. அதனால்தான் நம் கண்ணுக்கு அது அநாதையாகத் தெரிகிறது. யாரோ பாதியில் நிறுத்திவிட்டுப் போன வாக்கியம்போல உறுத்துகிறது. உறுத்தலை இலக்கண விதி என்று நினைத்துக்கொண்டுவிட்டோம்.

என் வேண்டுகோள் இதுதான்: முதலில் கடைசியில் விடக் கற்றுக்கொடுங்கள். முன்னால் கொண்டுவருவதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

காரணம் சொல்கிறேன். ‘ஐ லிவ் இன் தி ஹவுஸ்’. வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். ‘தி ஹவுஸ்’ என்பதை மட்டும் எடுத்து முன்னால் வையுங்கள். மீதி எதையும் தொடாதீர்கள். ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’. முடிந்தது. வேண்டுமானால் நடுவில் ‘தட்’ போடலாம், ‘விச்’ போடலாம், போடாமலும் இருக்கலாம். பிள்ளைக்கு வேலை ஒன்றே ஒன்று: பெயர் நகர்கிறது, வேறு எதுவும் நகரவில்லை. பெயர் எழுந்துபோன இருக்கை காலியாகத் தெரிகிறது, அதன் பக்கத்தில் ‘இன்’ காவல் நிற்கிறது. தொலைந்துபோக வாய்ப்பே இல்லை.

‘இன் விச்’ வழியில் போனால் எத்தனை வேலை பாருங்கள். பெயரை எடுக்க வேண்டும், பிரெபசிஷனையும் கூடவே இழுத்து வர வேண்டும், பழைய இடத்தில் நகலை விடக் கூடாது, ‘தட்’ போடக் கூடாது, ஒன்றும் போடாமலும் விடக் கூடாது, மனிதர் என்றால் ‘ஹூ’ ஆகாது ‘ஹூம்’தான். இதில் ஒவ்வொன்றும் ஒரு பள்ளம். ஜான் ராபர்ட் ராஸ் என்ற மொழியியலாளர் 1967இல் எம்.ஐ.டி.யில் கொடுத்த ஆய்வேட்டில், பெயர்ச்சொல் முன்னுக்கு நகரும்போது பிரெபசிஷனும் பின்னால் இழுபட்டுப் போவதற்கு, ஹாம்லின் நகரத்துக் குழலூதியின் பின்னால் எலிகளும் பிள்ளைகளும் போன கதையை வைத்துப் பெயர் சூட்டினார். வேடிக்கையான பெயர்தான். ஆனால் அந்த ஊர்வலத்தை ஒழுங்காக நடத்தத் தெரியாத வயதில் பிள்ளைகள் கையில் குழலைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

முன்னால் கொண்டுவரவே முடியாத இடங்களும் உண்டு. ‘லுக் ஆஃப்டர்’, ‘புட் அப் வித்’ போன்றவற்றில் வினையும் ஒட்டுச்சொல்லும் சேர்ந்துதான் ஒரு பொருள். ‘தி சைல்ட் ஆஃப்டர் ஹூம் ஷி லுக்ஸ்’ என்று எழுதினால், தாய் குழந்தையைப் பராமரிக்கவில்லை, அதன் பின்னாலிருந்து வெறிக்கிறாள். ‘புட் அப் வித்’தைப் பிரித்து முன்னால் போட்டுச் சர்ச்சில் இந்தத் தடையைக் கேலி செய்தார் என்று ஒரு துணுக்கு உலகெங்கும் சுற்றுகிறது. அவர்தான் சொன்னார் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. கேலி மட்டும் நியாயமானது.

அதேபோல முன்னால் வந்தே தீர வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ‘டூரிங் விச்’, ‘சம் ஆஃப் ஹூம்’, ‘தி எக்ஸ்டென்ட் டு விச்’. இவற்றில் கடைசியில் விட்டால் ஆங்கிலக் காதுக்கே ஒவ்வாது. கிளாஸ் நீண்டுபோய் பிரெபசிஷன் அதன் வினையைவிட்டு வெகுதூரம் விலகிவிட்டால், முன்னால் வைப்பது படிக்கிறவருக்கு உதவி. ஒப்பந்தம், தீர்ப்பு, ஆய்வேடு போன்றவற்றின் நடைக்கும் அது பொருந்துகிறது. பிளஸ் டூவிலும் கல்லூரியிலும் இதைச் சொல்லிக்கொடுங்கள்; வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் பாடமாக வேண்டாம் என்கிறேன், ஒரே சரியான வழி என்ற பெயரில் வேண்டாம் என்கிறேன்.

‘எழுத ஒரு பேனா கொடு’ என்ற வகையை மறந்துவிடாதீர்கள். ‘எ பென் டு ரைட் வித்’, ‘எ சேர் டு சிட் ஆன்’. நமக்கு ‘எழுத’, ‘உட்கார’ என்றாலே போதும் என்பதால் இங்கேயும் அந்தச் சின்னச் சொல் விடுபடுகிறது. இதற்கு வகுப்பில் நேரம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. அன்றாடப் பேச்சிலோ இது அடிக்கடி வரும்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்றலாம். வினைச்சொல்லைத் தனியாகக் கொடுத்துப் பொருள் எழுத வைக்கிறோம்: ‘அப்ளை’, ‘டிபெண்ட்’, ‘பிலாங்’. அதன் துணையோடு சேர்த்தே கொடுங்கள்: ‘அப்ளை ஃபார்’, ‘டிபெண்ட் ஆன்’, ‘பிலாங் டு’. துணை வேண்டாத வினைகளையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘தி மேட்டர் வி டிஸ்கஸ்டு அபவுட்’ என்று வேறு ஒன்று கிளம்பும்.

பள்ளிப் பாடத்தில் ரிலேட்டிவ் கிளாஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக இணைக்கும் பயிற்சிதான். ‘திஸ் இஸ் தி பாய். ஹி வன் தி பிரைஸ்.’ ‘ஹூ’ போட்டு இணை. பாடநூலைத் தாண்டி நாம் கையில் எடுக்கும் பயிற்சித்தாள்களும் இந்தத் தடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. எழுவாயும் செயப்படுபொருளும் மட்டுமே வருகிற எடுத்துக்காட்டுகளில் பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறது. பிரெபசிஷன் வருகிற வாக்கியத்தை அதன் முன் யாரும் வைத்ததே இல்லை. முதன்முறையாக அதைச் சந்திப்பது வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான். அங்கே திருத்த ஆளில்லை, நிராகரிக்க மட்டுமே ஆள் உண்டு.

ஆகவே அடுத்த தேர்வுக்குத் தாள் எடுக்கும்போது அந்த இணைப்புப் பகுதியில் பாதிக்குப் பாதி பிரெபசிஷன் உள்ள வாக்கியங்களாகக் கொடுங்கள்: ஒருவரிடம் பேசினேன், பேருந்தில் வந்தேன், கடிதத்துக்குக் காத்திருந்தேன், நாய்க்குப் பயந்தேன் என்பன போல. விடைத்தாளில் ஒரு பிள்ளை ‘தி பஸ் ஐ கேம் இன்’ என்று எழுதியிருந்தால், அந்த ‘இன்’னைச் சிவப்பு மையால் வட்டமிட வேண்டாம். முழு மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களின் ஆங்கிலத்தைத் திருத்திச் சாப்பிடும் ஒருவன்